96 டெசிபல் ஸ்பீக்கருக்கு எந்த ப்ரீஆம்ப்? வால்வா, பாசிவா, வேறேதாவதா?

#1 முகப்புவாசி (கானாடுகாத்தான்)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல்முறை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது எங்கள் பங்குக்கு முகப்பை ஒட்டிய கூடம் வந்தது. 24 அடி நீளம், 16 அடி அகலம், உயரம் 15 அடி. பாட்டுக் கேட்க இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

ஸ்பீக்கர்: 15 அங்குல வூஃபர், மேலே ஹார்ன். பெட்டி காரைக்குடி ஆசாரி ஒருவர் செய்தது. முழுக்கப் பர்மா தேக்கில் வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். தேக்குப் பலகை வெயிலுக்குச் சுருங்கும் மழைக்கு விரியும், மணி மாதிரி ஒலிக்கவும் செய்யும் என்று ஆசாரியே சொல்லிவிட்டதால் உள்ளே ப்ளைவுட், முகத்துக்கு மட்டும் தேக்கு. 8 ஓம், 96 டெசிபல்.

பவர் ஆம்ப்: பழையது வாங்கினேன். 50 வாட். பின்னால் ஒட்டிய தாளில் இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வருகிற மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 10 கிலோ ஓம், 0.8 வோல்ட் கொடுத்தால் முழுச் சத்தம் என்று இருக்கிறது.

இப்போதைக்கு லேப்டாப்பிலிருந்து டிஏசி (டிஜிட்டலைப் பாட்டு மின்னலையாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து நேராகப் பவர் ஆம்ப். சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே கூட்டிக் குறைக்கிறேன். குரல் கொஞ்சம் கத்துகிறது, அடிச்சுரம் மெலிசாக இருக்கிறது. ரெக்கார்டு ப்ளேயரையும் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு ப்ரீஆம்ப் (எதிலிருந்து பாட்டு வர வேண்டும் என்று தேர்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் பெட்டி) கேட்டேன். கடையில் மூன்று காட்டினார்கள்: 12ஏஎக்ஸ்7 என்ற கண்ணாடிக் குழாய் போட்ட வால்வு ப்ரீஆம்ப் (26 டெசிபல் கெயின், அதாவது பெருக்கல்), டோன் கன்ட்ரோல் உள்ள சாதாரணம் ஒன்று, மின்சாரமே வேண்டாத பாசிவ் பெட்டி ஒன்று. முப்பதாயிரம் வரை போகலாம். இந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும்?

#2 வால்வுப்பித்தன் (தேவகோட்டை)

யோசிக்கவே வேண்டாம் தம்பி, வால்வுதான். ஹார்ன் என்றாலே கத்தும். அந்தக் கத்தலுக்கு மேல் கொஞ்சம் நெய் ஊற்றினால் எப்படி இருக்கும்? 12ஏஎக்ஸ்7 அதைத்தான் செய்யும். 26 டெசிபல் கெயின் இருக்கிறதே, பாட்டுக்குத் தெம்பு வரும். என் வீட்டில் நாதஸ்வரம் போட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி எழுந்து வந்து இன்னிக்கு என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

#3 பள்ளத்தூரான்

பாசிவ். ப்ரீஆம்ப் இல்லாமல் இருப்பதே நல்ல ப்ரீஆம்ப்.

#4 கண்டாங்கி (காரைக்குடி)

முகப்புவாசி தம்பி, கேள்வியிலேயே ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ப்ரீஆம்ப்புக்கு ஸ்பீக்கர் கண்ணில் படாது. நடுவில் பவர் ஆம்ப் நிற்கிறது. 8 ஓமா 4 ஓமா, எத்தனை அங்குலம், ஹார்னா துணிக்கூம்பா, எல்லாம் பவர் ஆம்ப்பின் தலைவலி. ப்ரீஆம்ப் பேசுவது பவர் ஆம்ப்பின் வாசலோடு மட்டும்தான். உங்கள் வாசல் 10 கிலோ ஓம். அது கொஞ்சம் தாழ்வான வாசல், குனிந்துதான் போக வேண்டும். ப்ரீஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதாவது 1,000 ஓமுக்குள். இது ஒன்று.

அடுத்தது கெயின். உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தள்ளி 96 டெசிபல். நீங்கள் உட்காருவது 12 அடி தள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். தூரத்துக்குக் கொஞ்சம் கழித்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் அறையின் எதிரொலிக்கும் கொஞ்சம் கூட்டினால் சுமார் 90. பத்து டெசிபல் குறைந்தால் வாட் பத்தில் ஒன்று. ஆகவே 80 டெசிபலில் கேட்க 0.1 வாட் போதும். வீட்டில் 80 என்பதே தாராளமான சத்தம். 8 ஓமில் 0.1 வாட் என்றால் 0.9 வோல்ட். உங்கள் பவர் ஆம்ப் வந்ததை 25 மடங்கு ஆக்குகிறது (50 வாட்டுக்கு 20 வோல்ட் வேண்டும், அதை 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள்). அப்படியானால் உள்ளே போக வேண்டியது 36 மில்லிவோல்ட். ஆமாம், மில்லி.

டிஏசி முழு வீச்சில் தருவது 2 வோல்ட். பாட்டின் சராசரி அதில் 18 டெசிபல் கீழே இருக்கும் என்று கொண்டால் கால் வோல்ட். 36 மில்லி தேவைப்படுகிற இடத்துக்கு 250 மில்லி வந்து நிற்கிறது. இப்போதே 17 டெசிபல் குறைத்துத்தான் கேட்கிறீர்கள். இதில் 26 டெசிபல் கெயின் உள்ள ப்ரீஆம்ப்பை நடுவில் வைத்தால், கூட்டிய 26-ஐயும் சேர்த்து 43 டெசிபலை வால்யூம் திருகில் குறைக்க வேண்டும். திருகைக் கடிகார முள்ளாக நினைத்தால் எட்டு மணியைத் தாண்டாது. அந்த அடிமட்டத்தில் விலை குறைந்த வால்யூம் கன்ட்ரோலில் இடதும் வலதும் ஒத்துப்போகாது. பாடுபவர் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்.

உங்களுக்கு வேண்டியது கூட்டுகிற பெட்டி இல்லை. மாற்றிவிடுகிற, குறைக்கிற பெட்டி.

#5 முகப்புவாசி

அக்கா, தலை சுற்றுகிறது. ஆனால் புரிகிறது. இப்போது கம்ப்யூட்டரில் 20 சதவீதத்துக்கு மேல் நான் போனதே இல்லை, ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. அப்படியானால் ஸ்பீக்கருக்கும் ப்ரீஆம்ப்புக்கும் சம்பந்தமே கிடையாதா?

#6 கண்டாங்கி

ஒரே ஒரு இடத்தில் உண்டு: இரைச்சல்.

வால்யூம் திருகுக்குப் பின்னால் இருக்கிற ப்ரீஆம்ப் பகுதியில் 0.1 மில்லிவோல்ட் இரைச்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருகைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அது போகாது. பவர் ஆம்ப் 25 மடங்காக்கி 2.5 மில்லிவோல்ட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். உங்கள் 96 டெசிபல் ஸ்பீக்கரில் அது 1 மீட்டரில் சுமார் 35 டெசிபல் உஸ்ஸ். இதே ப்ரீஆம்ப் 86 டெசிபல் ஸ்பீக்கரில் 25. பட்டணத்து ஃப்ளாட்டில் 25 காதுக்கே எட்டாது. பழைய பிபிசி எல்எஸ்3/5ஏ மாதிரி 82, 83-ல் நிற்கிற குட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இந்த உஸ்ஸைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்ன சத்தம் இருக்கிறது? சுவர்க்கோழிதான். 35 நன்றாகக் கேட்கும்.

அதனால் இணையத்தில் ஒருவர் 'அருமையான ப்ரீஆம்ப், சத்தமே இல்லை' என்று எழுதினால் முதலில் அவர் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் என்று பாருங்கள்.

#7 வால்வுப்பித்தன்

கணக்கெல்லாம் சரிதான். காதுக்கு மில்லிவோல்ட் தெரியுமா? நாற்பது வருடமாகக் கேட்கிறேன், வால்வில் குரல் தனியாக எழுந்து நிற்கும். அதை எந்த மீட்டரும் காட்டாது.

#8 ஈயப்பற்று (புதுவயல்)

அண்ணே, நான் உங்கள் கட்சிதான். வால்வு ப்ரீஆம்ப் மூன்று கட்டியிருக்கிறேன், ஒன்று இன்னும் ஓடுகிறது. ஆனால் முகப்புவாசிக்கு நடக்கப்போகிறது எனக்கு நடந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடையில் கட்டி வைத்திருந்த வால்வு ப்ரீஆம்ப்பை வாங்கி வந்தேன். கடையில் கேட்டபோது பிரமாதம். வீட்டுக்கு வந்து மாட்டினால் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டக் டக் என்று கேட்கிறது, அடிச்சுரம் தருகிற இடப்பக்கத் தொப்பியைக் காணோம். கும்கி இருக்க வேண்டிய இடத்தில் காற்று. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் மிருதங்கக்காரரையே சந்தேகப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றினேன். அவுட்புட்டில் உட்கார்ந்திருந்த கப்பாசிட்டர் 0.22 மைக்ரோ ஃபாரட். கடைக்காரரின் பவர் ஆம்ப் 100 கிலோ ஓம், அதற்கு அது போதும், 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். என்னுடையது 10 கிலோ ஓம். அதே கப்பாசிட்டர் என்னிடம் 70 ஹெர்ட்ஸ் பக்கமே கையைவிரித்துவிட்டது. 2.2 மைக்ரோ ஃபாரட் ஒன்றை மாற்றிப் பற்றவைத்தேன். பட்டாணி அளவு இருந்த இடத்தில் தீப்பெட்டி அளவு ஒன்று படுத்துக்கொண்டது, மூடி மூடவில்லை, இன்றுவரை மூடவில்லை. ஆனால் தொப்பி வந்துவிட்டது.

இன்னொன்று. 12ஏஎக்ஸ்7-இல் ஆனோடிலிருந்து நேராக அவுட்புட் எடுத்திருந்தால் அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் 30, 40 கிலோ ஓம்கூட வரும். 10 கிலோ ஓம் வாசலில் அதைக் கட்டினால் இருக்கிற கெயினில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். கேத்தோடு ஃபாலோயர் (அவுட்புட் இம்பிடன்ஸைக் குறைத்துக் கொடுக்கும் சுற்று) இருக்கிறதா என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கடைக்காரருக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

#9 வால்வுப்பித்தன்

சரி சரி. ஆசைக்கு வால்வு வேண்டுமென்றால் 12ஏயு7, கேத்தோடு ஃபாலோயரோடு. கெயின் குறைவு. அதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

#10 கண்டாங்கி

அதில் எனக்குச் சண்டையே இல்லை அண்ணே. மைக்ரோபோனிக்ஸ் (அதிர்வை வால்வு சத்தமாக்குவது) மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 96 டெசிபல் ஸ்பீக்கர் பக்கத்தில் வால்வை விரலால் தட்டினால் கோயில் மணி கேட்கும்.

#11 இரண்டாங்கட்டு (கோட்டையூர்)

நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தக் கூடத்தை யாரும் கேட்கவில்லை.

தரை ஆத்தங்குடிக் கல். சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து வழுவழுவென்று ஆக்கியது. மேலே தேக்கு மச்சு. நம் முன்னோர் வெயிலுக்குக் கட்டினார்கள், ஸ்டீரியோவுக்குக் கட்டவில்லை. சேபின் சூத்திரம் என்று ஒன்று உண்டு: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால் எதிரொலி அடங்க எத்தனை நொடி என்று வரும். உங்கள் கூடம் 163 கன மீட்டர். கதவை எல்லாம் சாத்தி, உள்ளே ஒரு நாற்காலி மட்டும் இருந்தால் நான் போட்ட கணக்கில் 3 நொடிக்கு மேல் போகிறது. பாட்டுக் கேட்கிற அறைக்கு அரை நொடி இருந்தால் நல்லது.

மூன்று நொடியில் என்ன ஆகும்? பாடகர் ஒரு சொல்லைச் சொல்லி முடித்து அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார், முதல் சொல் இன்னும் மச்சுக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத்தான் நீங்கள் 'கத்துகிறது' என்கிறீர்கள். வெண்கலப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு எந்த ப்ரீஆம்ப் வாங்கினாலும் பானைச் சத்தம்தான் கேட்கும்.

ஒரு காசு செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். பிறகு இரண்டு பெரிய கதவையும் விரியத் திறந்துவிட்டுத் தட்டுங்கள். திறந்த வாசலுக்குப் போகிற ஒலி திரும்பி வராது. அதைவிட நல்ல உறிஞ்சி உலகத்தில் கிடையாது. அப்புறம், தரையில் மெல்லிய ஜமுக்காளத்தை விரித்தால் மேல்சுரம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அதே ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மடிப்பு விட்டுத் தொங்கவிட்டால் பலன் பல மடங்கு. கல்யாணத்துக்கு என்று அடுக்கி வைத்த இலவம்பஞ்சு மெத்தை உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்காது.

#12 முகப்புவாசி

சார், நான் கைதட்ட, வளவில் (உள்முற்றத்தில்) இருந்த அத்தை 'யாரடா அது' என்று ஓடி வந்துவிட்டார்கள்.

செய்து பார்த்தேன். கதவு சாத்தித் தட்டினால் ஒரு 'ட்ர்ர்ர்ர்' என்று இழுக்கிறது. திறந்தால் பாதி அடங்கிவிடுகிறது. வளவு அறையிலிருந்து ஐந்து மெத்தை இறக்கினேன், எட்டுக்கால் பூச்சியெல்லாம் தட்டி வெயிலில் போட்டு, பின்சுவரில் மூன்று, மூலைக்கு ஒன்றாக இரண்டு சாய்த்தேன். பக்கச் சுவரில் கயிறு கட்டி இரண்டு ஜமுக்காளம். பார்க்கப் பந்தி முடிந்த கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. ஆனால் சொல் புரிகிறது! இத்தனை நாளும் ஏதோ தெலுங்குக் கீர்த்தனை என்று நினைத்துக் கேட்ட ஒன்று தமிழ்ப் பாட்டு.

ஸ்பீக்கரைத் தூண்களுக்கு நடுவே சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி வைத்திருந்தேன், அழகுக்காக. ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்ததும் அடிச்சுரமும் கொஞ்சம் எழுந்தது.

மெத்தை எடுக்கப் போன இடத்தில் இன்னொன்று கிடைத்தது. ஐயா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். எழுபதுகளில் வந்திருக்க வேண்டும். வெள்ளிமுகம், தடித்தடியாகத் திருகுகள், மேலே எலிப்புழுக்கை. அப்பச்சி காலத்திலேயே ஒரு பக்கம் பாடவில்லை என்று மூட்டை கட்டியதாம். பழைய இரும்புக்குப் போடலாமா?

#13 ஈயப்பற்று

போட்டீர்கள் என்றால் நான் புதுவயலிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போடுவேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ப்ரீ அவுட், மெயின் இன் என்று இரண்டு ஜோடி ஓட்டை இருந்து, அவற்றை 'ப' எழுத்துப் போல வளைந்த உலோகக் கம்பி இணைக்கிறதா?

#14 முகப்புவாசி

ஆமாம் அண்ணே, இரண்டு கம்பி! கறுப்பாக இருக்கின்றன. ஃபோனோ என்றும் ஒரு ஜோடி இருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி.

#15 ஈயப்பற்று

அப்படியானால் உங்கள் ப்ரீஆம்ப் எலிப்புழுக்கைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றில் ப்ரீஆம்ப் பகுதியும் பவர் பகுதியும் தனித்தனி. நடுவில் அந்தக் கம்பிதான் பாலம். கம்பி களிம்பேறினால் ஒரு பக்கம் செத்துப்போகும். உங்கள் அப்பச்சி மூட்டை கட்டியதற்குக் காரணம் அநேகமாக அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று. கம்பியை உருவிவிட்டால் ப்ரீ அவுட்டிலிருந்து உங்கள் பவர் ஆம்ப்புக்குப் போகலாம். ரெக்கார்டு ப்ளேயருக்கான ஃபோனோ பகுதியும் உள்ளேயே இருக்கிறது. எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் காந்த வகைத் தலை) தருவது நாலைந்து மில்லிவோல்ட், அதை நூறு மடங்காக்கி, தட்டு வெட்டும்போது குறைத்த அடிச்சுரத்தையும் கூட்டிய மேல்சுரத்தையும் ஆர்ஐஏஏ வளைவு என்ற அளவுப்படி நேராக்குவது அதன் வேலை.

ஆனால் நேராகப் ப்ளக்கில் சொருகாதீர்கள்! முப்பது வருடம் தூங்கியது. முதலில் வோல்டேஜ் செலக்டர் 220 அல்லது 240-இல் இருக்கிறதா பாருங்கள், ஜப்பான் உள்ளூர் மாடல் என்றால் 100 வோல்ட், அது வேறு கதை. பிறகு எலக்ட்ரீஷியனிடம் சீரீஸ் பல்ப் (தொடராக இணைக்கும் சோதனை விளக்கு) இருக்கும், 60 வாட் குண்டு பல்ப். அதன் வழியாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல். பல்ப் ஒருமுறை எரிந்து மங்கினால் பிழைத்தது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பெட்டி, மூடி திறந்திருக்கும்போது ப்ளக் வெளியே இருக்க வேண்டும்.

#16 முகப்புவாசி

பிழைத்தது.

செலக்டர் 240. பல்ப் ஒருமுறை மின்னி, கண் சொருகுவது போல மங்கியது. எலக்ட்ரீஷியன் அண்ணன் 'வயசானாலும் கெட்டி' என்றார். கம்பிகளை உருவினேன், ஒன்று வர மறுத்தது, இடுக்கியால் மெல்ல ஆட்டி ஆட்டித்தான் வந்தது. ஓட்டைகளைப் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் நனைத்துத் துடைத்தால் பஞ்சு கரி பிடித்த மாதிரி வருகிறது. ஆறு குச்சிக்குப் பிறகுதான் வெள்ளையாக வந்தது. வால்யூம் திருகுக்குள் கான்டாக்ட் க்ளீனர் அடித்து ஐம்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். கரகரப்பு போய்விட்டது, கடைசியில் மட்டும் ஒரு முனகல் இருக்கிறது.

பாடுகிறது. இரண்டு பக்கமும்! அத்தை வந்து பார்த்துவிட்டு 'இது உங்க ஐயா சிலோன் ரேடியோ கேட்ட பொட்டி' என்றார்கள்.

ஆனால் மூன்று தொல்லை. லேப்டாப் சார்ஜர் மாட்டியிருந்தால் 'ம்ம்ம்' என்று ஹம். மின்விசிறியை மெதுவாக வைத்தால் 'ர்ர்ர்' என்று வேறொரு சத்தம். மூன்றாவது, அக்கா சொன்ன உஸ்ஸ், அப்படியே இருக்கிறது. வால்யூமும் எட்டு மணியிலேயே நிற்கிறது.

#17 இரண்டாங்கட்டு

விசிறிக்கு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டிருப்பீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் அலையை நறுக்கி நறுக்கிக் கொடுக்கிறது, அந்த நறுக்கல்தான் ஒயர் வழியாக வருகிறது. முழு வேகத்தில் வைத்தால் நின்றுவிடுமே, பாருங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் கழற்றிப் போட்டது பரணில் கிடந்தால் திரும்ப மாட்டுங்கள். இல்லையென்றால் கப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் வாங்குங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஹம்முக்குக் காரணம் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவது. லேப்டாப் ஒரு மூலைப் ப்ளக்கில், பவர் ஆம்ப் இன்னொரு மூலையில். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் போடுங்கள். யாராவது எர்த் பின்னை ஒடித்துவிடு என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். ஹம் போகும், ஒருநாள் ஆளும் போவார். பழைய வீடு, கட்டை வயரிங் என்றால் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். ரெக்கார்டு ப்ளேயரின் மெல்லிய பச்சை ஒயர் அந்தச் சின்னத் திருகாணிக்குப் போக வேண்டும்.

#18 கண்டாங்கி

உஸ்ஸுக்கு நான்கு ரெசிஸ்டர் போதும். முப்பதாயிரத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 6.8 கிலோ ஓம் ஒன்று, 2.2 கிலோ ஓம் ஒன்று, கால் வாட் மெட்டல் ஃபிலிம். 6.8 தொடராக, 2.2 குறுக்கே. ஒயரின் பவர் ஆம்ப் முனையில் ஆர்சிஏ ப்ளக்குக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் 10 கிலோ ஓமையும் சேர்த்துக் கணக்கிட்டால் பதின்மூன்றரை டெசிபல் குறையும். பாட்டும் குறையும், உஸ்ஸும் குறையும். ஆனால் பாட்டைத் திருகில் ஏற்றிக்கொள்ளலாம், உஸ்ஸை ஏற்ற முடியாது. 35 இருந்த இடத்தில் 21, 22. ப்ரீஆம்ப் பார்க்கிற சுமை எட்டரை கிலோ ஓம். ஐயா பெட்டியின் ப்ரீ அவுட் 600 ஓம் பக்கம் இருந்தால் நிம்மதியாக ஓட்டும். ப்ரீஆம்ப் 3 வோல்ட் கொடுத்தால் இன்னும் 30 வாட் வரும், உங்கள் கூடத்துக்கு அது திருவிழா.

பவர் ஆம்ப் முனை என்று சொன்னதைக் கவனியுங்கள். ப்ரீஆம்ப் முனையில் போட்டால் நடுவில் ஒயர் வாங்குகிற விசிறிச் சத்தம் குறையாது.

#19 பள்ளத்தூரான்

இதைத்தானே மூன்றாவது பதிவில் சொன்னேன். பாசிவ்.

#20 கண்டாங்கி

ஒரு வகையில் ஆமாம் அண்ணே. 10 கிலோ ஓம் பாசிவ் திருகில் நடுப்புள்ளியில் அவுட்புட் இம்பிடன்ஸ் இரண்டரை கிலோ வரை ஏறும், இந்தப் பவர் ஆம்ப்புக்குப் பத்தில் ஒரு பங்கு விதி உடைகிறது. ஆனால் அங்கே கப்பாசிட்டர் இல்லாததால் தொப்பி தொலையாது, இரண்டு டெசிபல் சத்தம் மட்டும் போகும், அது எப்படியும் நமக்கு வேண்டாத சத்தம். ஒயர் ஒரு மீட்டர் என்றால் உங்கள் பாசிவ் நன்றாகவே இருந்திருக்கும். ரெக்கார்டுக்கு மட்டும் தனி ஃபோனோ பெட்டி வாங்க வேண்டியிருக்கும்.

#21 பள்ளத்தூரான்

'ஒரு வகையில் ஆமாம்' என்பதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

#22 முகப்புவாசி

பத்து நாளாக எழுத முடியவில்லை, வீட்டில் ஒரு விசேஷம். மெத்தைகளை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நேற்றுத்தான் திரும்பி வந்தன.

சென்னை போன நண்பர் ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் வாங்கி வந்தார். நான்கு கேட்டேன், நூறு கொண்டுவந்தார், நான்காகத் தர மாட்டார்களாம். என் கையில் பற்றவைப்பு பணியாரம் மாதிரி உருண்டது; இரண்டு ப்ளக் வீணாகி மூன்றாவதுதான் உருப்படியாக வந்தது. பரணில் பெட்டி ரெகுலேட்டர் கிடைத்தது, தலையணை அளவு. மாட்டியாகிவிட்டது. விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது, ர்ர்ர் இல்லை. எல்லாம் ஒரே பலகையில், ஹம் இல்லை.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு எதுவும் போடாமல் ஹார்னுக்குள் காதை வைத்துப் பார்த்தேன். மிக லேசாக இருக்கிறது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் சுவர்க்கோழிதான் கேட்கிறது. வால்யூம் பதினொரு மணி. நாதஸ்வரத்தில் வாசிப்பவர் மூச்சு எடுப்பது கேட்டது, தவிலில் தொப்பி அடி நெஞ்சில் விழுந்தது.

வால்வுப்பித்தன் அண்ணே, உங்கள் 12ஏயு7-ஐ ஒருநாள் கொண்டுவாருங்கள், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்போம். அத்தை வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

#23 வால்வுப்பித்தன்

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பணியாரத்துக்காக இல்லை.

#24 ஈயப்பற்று

நானும் வருகிறேன். பணியாரத்துக்காகத்தான்.

#25 முகப்புவாசி

வாருங்கள் அண்ணே. வரும்போது ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐயா பெட்டி கிடைத்த அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே சரஸ்வதி ஸ்டோர்ஸ் 78 சுற்றுத் தட்டுகள் பதினேழு. ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரம் செய்த காலத்துச் சரக்கு. ரெக்கார்டு ப்ளேயரில் 78 வேகம் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?

#26 கண்டாங்கி

இருக்கிற ஊசியால் தொடாதீர்கள்! எல்பி ஊசி முனை 78 பள்ளத்தில் அடிமட்டத்துக்குப் போய் அழுக்கைத்தான் உழும்; 78-க்கு அதைவிட மூன்று நான்கு மடங்கு பருமனான முனை வேண்டும். ஆர்ஐஏஏ வளைவும் 1954-க்குப் பிறகு வந்தது, அந்தத் தட்டுகளுக்கு அது பொருந்தாது, ஐயா பெட்டியில் உள்ள டோன் கன்ட்ரோலை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். உங்கள் கார்ட்ரிட்ஜ் எந்த மாடல் என்று எழுதுங்கள், அதற்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா பார்க்கிறேன். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். ஸ்பிரிட், ஐசோப்ரொப்பைல் எதுவும் படக்கூடாது, அரக்குக் கரைந்துவிடும்.